பென்டிரைவிலிருந்து மடிக்கணினி கிளம்ப மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்றால் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், கையெழுத்துள்ள துவக்கக் கோப்பை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் செய்யத்தக்க நிலைபொருளும் (தாய்ப்பலகைச் சில்லில் பதிந்த அடிப்படை மென்பொருள்), இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆகவே கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் வீடுகளில் இருக்கும் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது நேர்வழியில் ஏறாது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பழைய கருவிகளும் இந்தக் கணக்கில்தான் வரும். அவற்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றலாம் என்று முடிவு செய்பவர்களும், புதிய கருவியில் விண்டோஸைத் திரும்ப நிறுவ நினைப்பவர்களும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே: பென்டிரைவைச் செருகியாயிற்று, ஆனால் மடிக்கணினி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இதற்குத் தீர்வு தேடுபவர்கள் பெரும்பாலும் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிவிட்டு, எதை மாற்றினோம் என்பதே தெரியாமல் வெளியே வருகிறார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து கல்லணையையும் தாண்டிவிட்டது, ஆனால் கடைமடை வயல் காய்கிறது என்றால், எந்த மதகு மூடிக் கிடக்கிறது என்று மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவோமே தவிர, எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திருகிவைக்க மாட்டோம். இங்கும் அதே முறைதான். ஆற்றல் பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள நிலைபொருள் விழித்துக்கொள்கிறது. வழக்கத்தில் நாம் பயாஸ் என்று சொன்னாலும், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கருவிகளில் இருப்பது பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறைதான். அது இணைந்துள்ள கருவிகளைக் கண்டறிகிறது. தன்னிடம் உள்ள வரிசைப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அதிலுள்ள துவக்கக் கோப்பின் கையெழுத்தைச் சரிபார்த்து ஏற்றுகிறது. அந்தக் கோப்பு நிறுவியை எழுப்ப, நிறுவி வட்டைத் தேடுகிறது. இவற்றில் எந்தப் படியில் நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். அதைப் படித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்

பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தேவையான கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுங்கள். மின்னூட்டியைச் செருகியே வேலை செய்யுங்கள்.

நான்காவது ஒன்று உண்டு. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலேயே வட்டு முழுவதும் பிட்லாக்கர் என்னும் குறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். அமைப்புப் பக்கத்தில் இது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் காணப்படும். செக்யூர் பூட்டையோ டி.பி.எம். அமைப்பையோ மாற்றினால், அடுத்த முறை கிளம்பும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, கருவியை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வாங்கிய அன்று கடைக்காரரே தம் மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்துத் தந்திருப்பார். அல்லது சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் பெயரில் கணக்கு இருக்கும். விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கு எது என்று பார்த்து, அதன் இணையப் பக்கத்தில் சாவி இருக்கிறதா என்று உறுதி செய்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி கைக்கு வரவில்லை என்றால், அந்த விண்டோஸின் உள்ளிருந்தே பூட்டை முழுவதும் நீக்கிவிடுங்கள்; அல்லது அந்தக் கருவியின் நிலைபொருள் அமைப்பில் கை வைக்காதீர்கள். சாவி இல்லாமல் பூட்டிய வட்டிலிருந்து கோப்புகளை மீட்டுத் தர எந்தக் கடையாலும் முடியாது.

அறிகுறி: பயாஸ் திரைக்குள்ளேயே நுழைய முடியவில்லை

விசையை எத்தனை முறை தட்டினாலும் நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது என்றால், விசை தவறாக இருக்கலாம். அல்லது விசையைக் கேட்கும் நேரமே இல்லாமல் போயிருக்கலாம்.

டெல் கருவிகளில் அமைப்புத் திரைக்கு எஃப்2, எதிலிருந்து கிளம்புவது என்று தேர்ந்தெடுக்கும் துவக்கப் பட்டியலுக்கு எஃப்12. எச்.பி.யில் எஸ்கேப்பை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் எஃப்10 அமைப்புக்கும் எஃப்9 துவக்கப் பட்டியலுக்கும் உரியவை. லெனோவோ ஐடியாபேடில் எஃப்2, எஃப்12. திங்க்பேடில் எஃப்1, எஃப்12. ஐடியாபேடு வகைகள் பலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். கருவி அணைந்திருக்கும்போது அதனுள் உள்ள நோவோ பொத்தானை அழுத்தினால் பட்டியல் தானாகவே வரும். ஏசுஸில் எஃப்2, எஸ்கேப். ஏசரில் எஃப்2, எஃப்12 என்றாலும், எஃப்12 பட்டியல் பல கருவிகளில் முடக்கப்பட்டே வரும். முதலில் எஃப்2 வழியாக உள்ளே போய் முதன்மைப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டு வர வேண்டும். ஒலி, வெளிச்சம் ஆகியவற்றுக்கும் இதே விசைகள் பயன்படும் கருவிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

விசை சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியாக இருக்கலாம். இது இயங்கும்போது 'ஷட் டவுன்' என்பது முழு நிறுத்தம் அன்று. விண்டோஸ் தன் மையப் பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. ஆனால் 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் முழுமையாக நின்று கிளம்பும். எனவே ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பது தென்பட்டால் அதன் வழியாகப் பென்டிரைவை நேரடியாகவே தேர்ந்தெடுக்கலாம். 'ட்ரபிள்ஷூட்' வழியாக உள்ளே போனால் யூ.இ.எஃப்.ஐ. அமைப்புத் திரைக்குச் செல்லும் வழியும் அங்கேயே இருக்கும். விசைப்பலகையில் எஃப்2 தேய்ந்து போன கருவிகளுக்கும் இந்த வழியே உதவும். மேலும், லினக்ஸும் விண்டோஸும் ஒரே கருவியில் இருக்கப் போகின்றன என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாகவே நிறுத்திவிடுவது நல்லது. உறக்கத்தில் விடப்பட்ட விண்டோஸ் பகுதியை லினக்ஸிலிருந்து திறந்து எழுதினால் கோப்புகள் சிதையும்.

அறிகுறி: துவக்கப் பட்டியலில் பென்டிரைவே தெரியவில்லை

பயாஸைக் குறை சொல்வதற்கு முன் அதே பென்டிரைவை வேறொரு மடிக்கணினியில் செருகி, அங்கே துவக்கப் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கும் தெரியவில்லை என்றால் குறை பென்டிரைவில். தெரிந்தால் குறை உங்கள் கருவியில். இந்த ஒரே சோதனை பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

பென்டிரைவில் குறை என்றால், அது தயாரிக்கப்பட்ட விதத்தையே முதலில் ஐயப்பட வேண்டும். நிறுவி முழுவதும் அடங்கிய, தரவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை மற்றக் கோப்புகளைப் போல இழுத்துப் போட்டால் அது துவக்க வட்டு ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவி ஒன்றால் அதைப் பிரித்து எழுத வேண்டும். அல்லது பென்டிரைவில் வென்டாய் என்ற மென்பொருளை நிறுவிவிட்டு ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் மேல் அப்படியே படியெடுக்க வேண்டும். எது செய்தாலும் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்; ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் அதே பென்டிரைவில் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் வைத்திருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

யூ.இ.எஃப்.ஐ. நிலைபொருள் பென்டிரைவில் தேடுவது எளிய ஒன்றைத்தான்: அது படிக்கத்தக்க ஃபேட்32 வடிவமைப்புள்ள ஒரு பகுதி, அதில் 'இ.எஃப்.ஐ.' என்ற உறை (ஃபோல்டர்), அதனுள் 'பூட்' என்ற உறை, அதற்குள் தன் வகைக்குரிய துவக்கக் கோப்பு. சாதாரணக் கருவிகளில் அந்தக் கோப்பின் பெயர் எக்ஸ்64 என்று முடியும். பென்டிரைவை விண்டோஸில் திறந்து இந்த உறைகள் இருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எட்சர் எழுதியவற்றில் அந்தப் பகுதி தனியாக இருக்கும் என்பதால் விண்டோஸ் அதைக் காட்டாமலும் போகலாம். பழைய கருவி என்பதற்காக 32 பிட் பதிப்பைத் தேடி எடுத்திருந்தால், 64 பிட் நிலைபொருள் அதைக் கண்டுகொள்ளாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: 2013, 2014 வாக்கில் வந்த ஆட்டம் செயலி கொண்ட மலிவான சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் செயலி 64 பிட்டாக இருந்தும் நிலைபொருள் 32 பிட்டாக இருக்கும். அவற்றுக்கு ஐ.ஏ.32 என்று முடியும் துவக்கக் கோப்பு உள்ள வெளியீட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபேட்32 வடிவமைப்பில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜி.பி.யை எட்டக் கூடாது. விண்டோஸ் நிறுவியின் முதன்மைக் கோப்பு இந்த அளவைத் தாண்டிவிடுவதால், ரூஃபஸ் அதைப் பெரிய கோப்புகளை ஏற்கும் என்.டி.எஃப்.எஸ். வடிவமைப்புள்ள பகுதியில் வைத்துவிட்டு, அதைப் படிக்க உதவும் சிறு துவக்கப் பகுதி ஒன்றை உடன் சேர்க்கிறது. அந்தச் சிறு பகுதியைத் தேவையற்றது என்று நினைத்து நீக்கினால் பென்டிரைவ் துவக்கப் பட்டியலிலிருந்து மறைந்துவிடலாம். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்புக் கருவியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே எழாது. விண்டோஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

குறை கருவியில் என்றால் பார்க்க வேண்டியவை குறைவு. பயாஸில் 'யூ.எஸ்.பி. பூட்' முடக்கப்பட்டிருக்கலாம், 'ஃபாஸ்ட் பூட்' இயங்கிக்கொண்டிருந்தால் நேரம் மிச்சம் பிடிப்பதற்காக யூ.எஸ்.பி. கருவிகளைத் தேடாமலே போயிருக்கலாம். இது மேலே சொன்ன விண்டோஸ் வசதியிலிருந்து வேறானது, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஹப் வழியாகச் செருகாமல் கருவியின் துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள். ஒரு பக்கத்துத் துளையில் தெரியாதது மறுபக்கத்துத் துளையில் தெரியக்கூடும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் யூ.எஸ்.பி. துளையின் செம்புத் தகடுகள் பாசி பிடித்ததுபோல் பச்சையாகிவிடுவதைக் காணலாம். அத்தகைய துளையில் சுட்டி வேலை செய்யும், பென்டிரைவ் மட்டும் விட்டுவிட்டு இணையும். கருவியை அணைத்து, கழற்றத்தக்க மின்கலம் என்றால் அதையும் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் செருகிப் பாருங்கள்.

அறிகுறி: பட்டியலில் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் கிளம்பவில்லை

இங்கே திரை சொல்வதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள வேண்டும். கருந்திரையில் மேல் இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தால், கருவி பெரும்பாலும் யூ.இ.எஃப்.ஐ.க்கு முந்தைய, லெகசி என்னும் பழைய பயாஸ் முறையில் கிளம்ப முயல்கிறது என்று கொள்ளலாம். துவக்கப் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வந்திருக்கிறதா, அவற்றில் ஒன்றின் முன்னால் யூ.இ.எஃப்.ஐ. என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் ஏற்கெனவே எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் பென்டிரைவும் கிளம்ப வேண்டும் என்பதைப் பொது விதியாகக் கொள்ளுங்கள். விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயாஸ் மோடு' என்ற வரி, யூ.இ.எஃப்.ஐ. என்றோ லெகசி என்றோ தெளிவாகச் சொல்லும். வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் முறைகள் இரண்டு: யூ.இ.எஃப்.ஐ. விண்டோஸ் ஜி.பி.டி. முறை வட்டிலும் லெகசி விண்டோஸ் எம்.பி.ஆர். முறை வட்டிலும் இருக்கும். ரூஃபஸில் பென்டிரைவைத் தயாரிக்கும்போது கேட்கப்படும் 'பார்ட்டிஷன் ஸ்கீம்' இதைப் பொறுத்ததுதான். வட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவப் போகிறீர்கள் என்றால் இந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது, அப்போது யூ.இ.எஃப்.ஐ. முறையையே தேர்ந்தெடுங்கள். பென்டிரைவ் கிளம்பவில்லை என்பதற்காகப் பயாஸை லெகசிக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டால், அதன் பின் விண்டோஸும் கிளம்பாமல் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கும். வட்டு போய்விட்டது என்று பலர் பதறும் இடம் இது. வட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முறையைத் திருப்பிவைத்தால் விண்டோஸ் வந்துவிடும்.

'ஸ்டார்ட் பி.எக்ஸ்.இ. ஓவர் ஐ.பி.வி.4' என்றோ 'செக்கிங் மீடியா பிரசன்ஸ்' என்றோ வரிகள் வந்தால், வட்டு, பென்டிரைவ் இரண்டிலும் துவக்கக் கோப்பு கிடைக்காமல், கடைசி முயற்சியாக வலையமைப்பில் தேடுகிறது என்பது பொருள். இதற்கு இணைய இணைப்பைச் சரிசெய்ய வேண்டியதில்லை.

நிறுவியின் முகப்பு வரை வந்துவிட்டுப் பாதியில் பிழை காட்டினால் கோப்பையே ஐயப்படுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜி.பி. என்று அளந்து தரும் கைபேசித் திட்டத்தில், பல ஜி.பி. கொண்ட ஐ.எஸ்.ஓ. கோப்பை விட்டுவிட்டுத் தரவிறக்குபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வெளியீட்டாளர் தம் பக்கத்தில் தரும் ஷா256 சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் கோப்பின் எண்ணை ஒப்பிடுங்கள்; ரூஃபஸிலேயே அதைக் கணக்கிடும் பொத்தான் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுதுதான். எண் பொருந்தியும் பிழை வருகிறது என்றால் பென்டிரைவ் போலியாக இருக்கலாம். 64 ஜி.பி. என்று எழுதி விற்கப்படும் மலிவுப் பென்டிரைவ்கள் சிலவற்றில் உண்மைக் கொள்ளளவு அதில் ஒரு பங்குதான். அதைத் தாண்டி எழுதுவது பிழையின்றி எழுதப்பட்டதுபோல் காட்டிவிட்டு மறைந்துபோகும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவசக் கருவிகள் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும்.

லினக்ஸின் துவக்கப் பட்டியல் வந்து, அதைத் தேர்ந்தெடுத்த பிறகு திரை மட்டும் இருண்டுபோனால் அது பயாஸின் பிழை அன்று. வரைகலைச் சில்லுக்குரிய இயக்கியின் (டிரைவர்) தகராறு. பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

அறிகுறி: பாதுகாப்பு மீறல் என்று சிவப்புப் பெட்டியோ எச்சரிக்கையோ வருகிறது

இது செக்யூர் பூட்டின் வேலை. துவக்கக் கோப்பில் உள்ள கையெழுத்து, நிலைபொருளில் பதிந்துள்ள சான்றுகளில் ஒன்றோடு பொருந்தினால்தான் அது ஏற்றப்படும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்பதே எங்கும் கிடைக்கும் முதல் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. உபுண்டு, ஃபெடோரா, 2019இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து டெபியன் ஆகியவை மைக்ரோசாஃப்டின் கையெழுத்துப் பெற்ற 'ஷிம்' என்ற சிறு துவக்கக் கோப்போடு வருவதால், செக்யூர் பூட் இயங்கும்போதே கிளம்பும். இவை மறுக்கப்பட்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதலாவது, பழைய வெளியீடு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பாதுகாப்புக் குறை உள்ள பழைய ஷிம்களை மறுக்கும்படி நிலைபொருளின் பட்டியலை மாற்றியது. 'வெரிஃபையிங் ஷிம் எஸ்.பி.ஏ.டி. டேட்டா ஃபெயில்ட்' என்ற வரி வந்தால் அதுதான் காரணம். அந்தப் பென்டிரைவில் நேற்று வரை கிளம்பிய லினக்ஸ் இன்று கிளம்பாததற்கு நீங்கள் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. அதே லினக்ஸின் அண்மைய வெளியீட்டைத் தரவிறக்கி எழுதினால் போதும்.

இரண்டாவது, புதிய கருவிகள் சிலவற்றில் மைக்ரோசாஃப்டின் சொந்தச் சான்று மட்டும் ஏற்கப்பட்டு, மற்றவர்களுக்காக அந்நிறுவனம் கையெழுத்திடும் சான்று முடக்கப்பட்டு வருகிறது. செக்யூர் பூட் பக்கத்திலேயே 'தேர்ட் பார்ட்டி சி.ஏ.' என்ற சொற்களோடு ஒரு நிலைமாற்றி இருக்கும். அதை இயக்கினால் போதும், செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி: 2011இல் வெளியிடப்பட்ட இந்தச் சான்றுகளின் காலம் 2026 ஜூன் தொடங்கிப் படிப்படியாக முடிகிறது. அதனால் இருக்கிற கருவிகள் கிளம்பாமல் நின்றுவிடா. ஆனால் 2023ஆம் ஆண்டின் புதிய சான்றால் மட்டும் கையெழுத்திடப்பட்ட ஒரு துவக்கக் கோப்பை, அந்தச் சான்று இல்லாத பழைய நிலைபொருள் மறுக்கும்.

மூன்றாவது வென்டாய். செக்யூர் பூட் உள்ள கருவியில் முதல் முறை கிளம்பும்போது அதன் சாவியை நாமே பதிய வேண்டும். பிழைச் செய்திக்குப் பின் வரும் நீலத் திரையில் 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பென்டிரைவில் உள்ள சாவிக் கோப்பைக் காட்டி, மறுதுவக்கம் செய்ய வேண்டும். திரை சில நொடிகளே காத்திருக்கும் என்பதால் விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டே பாருங்கள்.

இவை எதுவும் பொருந்தாதபோது செக்யூர் பூட்டை அணைக்கலாம். ஏசர் கருவிகள் பலவற்றில் அந்த வரி மங்கலாகவே இருக்கும். 'சூப்பர்வைசர் பாஸ்வேர்டு' ஒன்றை வைத்த பிறகே அது மாற்றத்தக்கதாகும். வேலை முடிந்ததும் அந்தக் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். மறந்துபோன சூப்பர்வைசர் கடவுச்சொல் என்பது இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாச் சிக்கல்களையும்விடப் பெரியது. மாற்றிய பின் பிட்லாக்கரின் நீலத் திரை வந்தால், சாவியைத் தேடி அலைவதற்கு முன் செக்யூர் பூட்டை முன்பிருந்த நிலைக்கே திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ் சாவி கேட்காமல் திறந்துவிடும்.

அறிகுறி: நிறுவி வந்துவிட்டது, ஆனால் வட்டு தெரியவில்லை

இன்டெல் பதினோராம் தலைமுறைச் செயலியிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. வட்டு, வி.எம்.டி. என்ற இடைநிலைக் கட்டுப்பாட்டின் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய ஆர்.எஸ்.டி. இயக்கி விண்டோஸ் நிறுவியில் இல்லாவிட்டால், 'எங்கே நிறுவ வேண்டும்' என்ற பக்கம் வெறுமையாக இருக்கும். வட்டு கழன்றுவிட்டது என்று கருவியைத் திறக்க வேண்டாம். மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து அந்த இயக்கியைத் தரவிறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஓர் உறையில் வைத்து, நிறுவியின் 'லோடு டிரைவர்' வழியாகக் காட்டினால் வட்டு வந்துவிடும்.

லினக்ஸ் நிறுவி ஆர்.எஸ்.டி. பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டால், பயாஸில் வி.எம்.டி.யை அணைக்க வேண்டும். அல்லது வட்டு முறையை ஆர்.எஸ்.டி.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது. நேராக மாற்றினால் விண்டோஸ், துவக்க வட்டை அணுக முடியவில்லை என்ற பிழையோடு நீலத் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும். பிட்லாக்கர் இருந்தால் அதை முதலில் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். பின் விண்டோஸின் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' கருவியில் 'சேஃப் பூட்' என்பதைக் குறியிட்டு, மறுதுவக்கத்தின்போதே பயாஸுக்குள் போய் முறையை மாற்றி, விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் ஒருமுறை கிளம்ப விடுங்கள். அப்போது அது புதிய முறைக்கான இயக்கியைத் தானே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறியை எடுத்துவிட்டால் வழக்கம்போல் கிளம்பும். பாதுகாப்பு நிலையில் நான்கிலக்கப் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால், கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நிறுவிய பிறகும் பழையபடியே கிளம்புகிறது, அமைப்புகள் நிலைக்கவில்லை

லினக்ஸை நிறுவியும் நேராக விண்டோஸே வருகிறது என்றால், துவக்க வரிசையில் லினக்ஸின் பெயர் இரண்டாவதாக இருக்கும். அதை மேலே ஏற்றினால் முடிந்தது.

மேலே ஏற்றியது ஒவ்வொரு முறையும் தானாகவே மாறிவிடுகிறது, கூடவே தேதியும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடுகிறது என்றால், தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருக்கும். பழைய கருவிகளில் அது பெரும்பாலும் 3 வோல்ட் சி.ஆர்.2032, கம்பி இணைத்து நெகிழி உறையில் பொதிந்திருக்கும் என்பதால் கடையில் தனியாகக் கிடைக்கும் வில்லையை அப்படியே போட முடியாது. அண்மைக்காலக் கருவிகள் சிலவற்றில் இந்தச் சிறு மின்கலமே இருக்காது. முதன்மை மின்கலம் முற்றிலும் வடிந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் இதே அறிகுறி தோன்றும். தேதி தவறாக இருக்கும்போது இணையத்தளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று உலாவி சொல்லும். அதைக் கண்டு வைரஸ் என்று எண்ண வேண்டாம்.

ஆனால் தேதி சரியாக இருந்து, நேரம் மட்டும் துல்லியமாக ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ இருந்தால் மின்கலத்தைத் தொடாதீர்கள். லினக்ஸ், வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சண்டை தீர்ந்துவிடும்.

அறிகுறி: எதுவுமே பொருந்தவில்லை, நிலைபொருளைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள்

இதைக் கடைசியாகவே செய்ய வேண்டும். தயாரிப்பாளரின் மாற்றக் குறிப்பில் யூ.எஸ்.பி. துவக்கம், செக்யூர் பூட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சொல்லப்பட்டிருந்தால் மட்டும் செய்யலாம். சில்லில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கருவி அதன் பின் விழிக்காமலே போகக்கூடும். எனவே மின்கலம் நன்றாக இருக்கும் கருவியில், அதை முழுவதும் ஏற்றி, மின்னூட்டியையும் செருகிய பின்னரே தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நாட்களில், வானம் கறுத்திருக்கும் மாலையில் இதைத் தொடங்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் திரும்ப எத்தனை நாட்கள் ஆயின என்பது இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். மின்கலம் செத்துப்போன கருவி என்றால், யூ.பி.எஸ். இருந்தாலும் பல தயாரிப்பாளர்களின் புதுப்பிப்புக் கருவி மறுத்துவிடும்; அந்த மறுப்பைச் சுற்றிப்போக வழி தேடாதீர்கள்.

இடையில் நின்றுபோனால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எச்.பி. கருவிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி (B) விசையையும் சேர்த்துப் பிடித்தபடி ஆற்றல் பொத்தானை அழுத்தினால், டெல் கருவிகள் பலவற்றில் கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்துப் பிடித்தபடி மின்னூட்டியைச் செருகினால், மீட்பு நிலைபொருள் எழும். புதுப்பிப்பு நன்றாக முடிந்தாலும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம் என்பதால், துவக்க வரிசையையும் வட்டு முறையையும் மறுபடி பார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: பயாஸ் கடவுச்சொல் கேட்கிறது

நீங்கள் வைக்காத கடவுச்சொல்லை நுழைவிலேயே கேட்டால், அது பெரும்பாலும் நிறுவனம் ஒன்றிலிருந்து கழித்துக் கட்டப்பட்டு, இரண்டாம் கைக்கு வந்த கருவியாக இருக்கும். சிறு மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது பழைய மேசைக்கணினிகளின் காலத்துக் கதை. இன்றைய மடிக்கணினிகளில் கடவுச்சொல் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சில்லில் பதிந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் திறப்பு மென்பொருள்களை நம்பி இறக்கினால் வைரஸ்தான் வரும். வாங்கிய ரசீதோடு தயாரிப்பாளரின் சேவை மையத்தை அணுகுவதும், விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதும் மட்டுமே நேர்வழிகள். இதைத் தவிர்ப்பது எளிது: பழைய மடிக்கணினிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரர் எதிரிலேயே அதை அணைத்து, அதற்குரிய விசை வழியாக அமைப்புத் திரைக்குள் போய், துவக்க வரிசையை ஒருமுறை மாற்றிச் சேமித்துக் காட்டச் சொல்லுங்கள்.